பரிசு தராத பாடம்

1826 ஜூனில், இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியிலுள்ள ஹாவர்த் கிராமத்துப் பாதிரியார் பாட்ரிக் பிரான்டே லீட்ஸ் நகரத்துக்குப் போய்த் திரும்பியபோது, மகனுக்காக ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கிவந்தார். மொத்தம் 12 பொம்மைகள். மகன் பிரான்வெல் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா தங்கைகளிடம் ஓடினான். சார்லட் ஒன்றைப் பற்றிக்கொண்டு அதற்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். பிரான்வெல் தன்னுடையதை நெப்போலியன் ஆக்கினான். எமிலியும் ஆனும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். சார்லட்டுக்கு வயது 10, கடைக்குட்டி ஆனுக்கு 6. அந்தச் சிப்பாய்கள் குடியிருக்க ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு நகரத்தைக் கற்பனையிலேயே கட்டினார்கள். அந்த நகரத்துக்கு அரசியல், போர், பத்திரிகை, பதிப்பாளர், கவிஞர், அந்தக் கவிஞரைக் கிழித்துப் போடும் விமர்சகர் எல்லாம் வந்துசேர்ந்தன. சிப்பாய்கள் கையில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதால் புத்தகங்கள் தீப்பெட்டி அளவில் இருந்தன. கிடைத்த துண்டுக் காகிதங்களை வெட்டித் தைத்து, அச்செழுத்தைப் போலப் பொடிப்பொடியாக எழுதி நிரப்பினார்கள். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ‘பிளாக்வுட்ஸ்’ மாத இதழைப் பார்த்து விளம்பரம், வாசகர் கடிதம், நூல் மதிப்புரை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

இந்தப் பிள்ளைகள் வீட்டில் இருந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1824-ல் நான்கு பெண்கள் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்திலிருந்த பாதிரியார் மகள்களுக்கான உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். மூத்தவர்கள் இருவரும் அங்கே நோயுற்று வீடு திரும்பி, 1825-ல் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். மிஞ்சிய சார்லட்டையும் எமிலியையும் தந்தை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். 1831-ல் சார்லட் வேறொரு பள்ளிக்குப் போகும்வரை தந்தையும் பெரியம்மாவும்தான் ஆசிரியர்கள். அந்த ஐந்தாறு ஆண்டுகளில் அவர்கள் எழுதிக் குவித்ததுதான் பின்னாளில் ‘ஜேன் ஐர்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’ ஆகிய நாவல்களுக்கான பயிற்சிக்களம்.

அதே 1826-ன் இலையுதிர் காலத்தில் லண்டனில் 20 வயது இளைஞர் ஒருவர், வாழ்வில் தான் விரும்பியதெல்லாம் இந்தக் கணமே நிறைவேறினால் மகிழ்ச்சியாக இருக்குமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். இருக்காது என்று பதில் வந்தது. மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தார். அவர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவரும் வீட்டில் படித்தவர்தான். 3 வயதில் கிரேக்கம், 8 வயதில் லத்தீன், 12 வயதில் தர்க்கவியல், 13 வயதில் பொருளியல் என்று தந்தை ஜேம்ஸ் மில் வகுத்த பாடத்திட்டம் அது. தந்தை ‘பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாறு’ எழுதிக்கொண்டிருந்த அதே மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து சிறுவன் கிரேக்கம் படித்தான். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் தந்தையைக் கேட்டான். பொறுமைக்குப் பெயர்போகாத அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் பேனாவைக் கீழே வைத்துப் பதில் சொன்னார். காலை உணவுக்கு முன் இருவரும் வயல்வெளிப் பாதைகளில் நடப்பார்கள். முந்தைய நாள் படித்ததைச் சீட்டில் குறித்துவைத்து மகன் ஒப்பிக்க வேண்டும். பொம்மைகளும் சிறுவர் நூல்களும் மிகக் குறைவு. மற்றப் பையன்களோடு பழகுவதும் தடுக்கப்பட்டிருந்தது. தன் சமகாலத்தவரைவிடக் கால் நூற்றாண்டு முன்னதாகத் தொடங்கும் வாய்ப்பு இந்தப் படிப்பால் கிடைத்தது என்று மில்லே தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். உணர்ச்சிக்கு அதில் இடமே இல்லாமல் போனது என்றும் எழுதுகிறார். அந்த இருளிலிருந்து அவரை மீட்டவற்றுள் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளும் உண்டு.

இரண்டுமே வீட்டுக் கல்விதான். இரண்டு வீட்டிலும் படித்த தந்தை, புத்தகம், கண்டிப்பு எல்லாம் இருந்தன. ஹாவர்த் வீட்டில் கூடுதலாக இருந்தவை, பெரியவர்கள் மதிப்பெண் போடாத நீண்ட பிற்பகல்களும் கூடி விளையாட ஆட்களும். பிள்ளைகள் எழுதிய அந்தத் தீப்பெட்டி அளவு இதழ்களை யாரும் திருத்தவில்லை. அவற்றைப் படிக்கப் பெரியவர்களுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். அது பிள்ளைகளுக்கு வசதியாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு வீடுகளை வைத்து ஒரு விதியை உருவாக்க முடியாதுதான். புகழ்பெற்றவர்களின் பிள்ளைப்பருவம் மட்டுமே நமக்குத் தெரியும். அதேபோல் விளையாடி அடையாளமின்றிப் போன ஆயிரம் வீடுகள் கணக்கில் வருவதில்லை. எனவே ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே சரி.

இன்று வீட்டுக் கல்வியை உற்சாகமாக்குவது எப்படி என்று கேட்கும் பெற்றோருக்கு முதலில் கிடைப்பது ஒரு பொருட்பட்டியல்: நட்சத்திர ஸ்டிக்கர், நிறம் தீட்டும் தாள்கள், பெட்டியில் அடைத்து விற்கும் கைவினைப் பொருட்கள், சரியான விடைக்குக் கைதட்டும் செயலி. பாடம் கசப்பு, அதற்குச் சர்க்கரை பூசித் தர வேண்டும் என்ற எண்ணமே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1973-ல் வெளிவந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், மார்க்கர் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் காட்டிய 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் வழக்கம்போல மார்க்கர்களை வைத்துவிட்டு ஒளிந்து கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் தங்கள் விளையாட்டு நேரத்தில் சுமார் 8.6 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். பரிசே பெறாதவர்கள் செலவிட்டது 16.7 சதவீதம், எதிர்பாராமல் பெற்றவர்கள் 18.1 சதவீதம். பிடித்த வேலைக்குக் கூலி பேசியதும், அது கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது.

இதை வைத்து எந்தப் பாராட்டும் கூடாது என்று முடிவுகட்டத் தேவையில்லை. எதிர்பாராமல் கிடைத்த பரிசு எந்தக் கேடும் செய்யவில்லையே. முன்கூட்டிப் பேசிய பேரம்தான் சிக்கல். ‘இந்தப் பக்கத்தை முடித்தால் அரை மணி நேரம் கார்ட்டூன்’ என்று சொல்லும்போது அந்தப் பக்கம் மோசமானது என்று நாமே சாட்சி சொல்லிவிடுகிறோம்.

விளக்கிச் சொல்வதற்கும் ஒரு விலை உண்டு என்பதை 2011-ல் எலிசபெத் போனவிட்ஸும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். குழாய்களாலான ஒரு புது பொம்மை. ஒரு குழாயை இழுத்தால் கீச்சிடும்; வேறிடங்களில் விளக்கு, இசை, கண்ணாடி என்று மறைவான விஷயங்கள் இன்னும் மூன்று இருந்தன. சில குழந்தைகளிடம், ‘இது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன், பார்’ என்று சொல்லிக் கீச்சொலியைச் செய்து காட்டினார்கள். வேறு சிலர் முன்னால் தற்செயலாகக் கைபட்டது போல அதே ஒலியை எழுப்பினார்கள். கற்றுக்கொடுக்கப்பட்ட குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டுச் சீக்கிரம் பொம்மையைக் கீழே வைத்தார்கள். மற்றவர்கள் கூடுதல் நேரம் விளையாடி, மறைந்திருந்தவற்றில் அதிகமானதைக் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் சொன்னார் என்றால் சொல்ல வேண்டியதெல்லாம் அவ்வளவுதான் என்று குழந்தை நியாயமாகவே ஊகிக்கிறது. வீட்டில் பாடம் நடத்தும் பெற்றோர் கேள்வி வருவதற்கு முன்பே விளக்கத்தைத் தொடங்கிவிடும் பழக்கத்தை இந்த ஆய்வின் வெளிச்சத்தில் யோசித்துப் பார்க்கலாம்.

பாடத்துக்குச் சர்க்கரை பூசத் தேவையில்லை என்பதை ஆய்வகம் இல்லாமலே பார்த்தவர் மரியா மாண்டிசோரி. 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்துக்கு நல்ல பொம்மைகள் நன்கொடையாக வந்தன. குழந்தைகள் அவற்றை அதிகம் சீண்டவில்லை. தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது ஆகியவற்றையே நாடினார்கள். பரிசுகளையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை என்று அவர் பதிவுசெய்தார். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறு வந்த அவர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரணியில் சேர்ந்ததால் ஐரோப்பா திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலில் கழித்த ஆண்டுகளில், வெவ்வேறு வயதுக் குழந்தைகள் செடி, பூச்சி, கல், தண்ணீர் ஆகியவற்றோடு ஒன்றாக இருந்து படிப்பதை அவர் நேரில் கவனித்தார். அவருடைய பிற்காலச் சிந்தனையில் இயற்கைக்கு அத்தனை இடம் வந்ததில் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கும் பங்குண்டு. 2018-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலின் லில்லார்டின் குழு, நிஜமாகக் காய் நறுக்குவது வேண்டுமா, பொம்மைக் காயை நறுக்குவதுபோல் நடிப்பது வேண்டுமா என்கிற வகையில் மழலையரிடம் கேட்டபோது, பெரும்பாலானோர் நிஜ வேலையையே விரும்பினார்கள்.

செப்புச் சாமான் வைத்து விளையாடும் குழந்தை, அடுப்படியில் இடம் கிடைக்காததால்தான் அதை விளையாடுகிறதோ என்னவோ.

நிஜமான வேலையில் பாடம் இருக்கிறது என்பதற்குத் தமிழ் வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிகளில் நெல்லிலக்கம் என்று ஒரு சுவடி இருந்தது. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். இன்று கடைகளில் இந்த அளவு அநேகமாக இல்லை. ஆனால் பின்னம் என்பது பாதியின் பாதி, அதன் பாதி என்று கையால் உணர்த்தும் வரிசை இதைவிட எளிதாகக் கிடைக்காது. பழைய ஆழாக்கும் படியும் பரணில் இருந்தால், பச்சரிசியை அளந்து ஒரு படியில் எத்தனை ஆழாக்கு என்று குழந்தையே கண்டுபிடிக்கட்டும். பழைய பள்ளியை நான் புகழவில்லை. சட்டாம்பிள்ளையின் அதட்டலும் கோதண்டம் போன்ற தண்டனைகளும் நிறைந்த இடம் அது. இந்தக் கணக்கையும் அங்கே உருப்போட்டு ஒப்பிக்கத்தான் வேண்டும்.

கோலம் இன்னும் வளமானது. ஊடுபுள்ளி வைக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். நடுவரிசையில் 3 புள்ளி வைத்து, மேலும் கீழும் 2-ல் நிறுத்தினால் மொத்தம் 7 புள்ளிகள். 5 வைத்து 3-ல் நிறுத்தினால் 19. 7 வைத்து 4-ல் நிறுத்தினால் 37. 9-ல் தொடங்கி 5-ல் நிறுத்தினால் 61. ஒரே ஒரு புள்ளியையும் கோலம் என்று ஒப்புக்கொண்டால் வரிசை 1, 7, 19, 37, 61 என்று ஆகிறது. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 6, 12, 18, 24. வெளிவரிசை ஆறு பக்கமாக விரிவதால் ஆறின் மடங்குகள் வருகின்றன என்பது தரையைப் பார்த்தாலே தெரியும். இப்போது இந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம்: 1, 8, 27, 64, 125. கன எண்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஏன்? சிறு கட்டைகளை அடுக்கி ஒரு கனசதுரம் கட்டி, அதன் மூலையை நேராகப் பார்த்தால் கண்ணில்படும் கட்டைகளின் எண்ணிக்கைதான் ஒவ்வொரு கோலத்தின் புள்ளி எண்ணிக்கையும். பத்து பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குக் கட்டைகளைக் கையில் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் இருப்பது பெற்றோருக்குக் கடினமான பயிற்சி. சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் ஒரு வாரம் ஆகலாம், குழந்தைக்குப் பிடிபடாமலும் போகலாம். பிடிபடாமல் போனாலும் கூட்டலும் பெருக்கலும் எத்தனையோ தடவை நடந்திருக்கும், யாரும் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லாமலே. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் 1970-களில் கோலத்தைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக்காட்டியவர்கள். வாசல் தெளிக்கும் தண்ணீர் காய்வதற்குள் போட்டு முடிக்கும் ஒரு கலையிலிருந்து கணினி அறிவியல் கட்டுரைகள் பிறந்தன என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம். அது விடையைக் கெடுக்காது.

அறிவியலுக்கு அரவிந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐஐடியில் படித்தவர், மத்தியப் பிரதேச கிராமப் பள்ளிகளில் 1972-ல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தோடு சேர்ந்து, குப்பையில் போகும் பொருட்களிலிருந்து நூற்றுக்கணக்கான பொம்மைகளைச் செய்தார். தீக்குச்சிகளும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளும் போதும். நான்கு குச்சிகளை இணைத்தால் சதுரம், தொட்டால் சாயும். மூன்றை இணைத்தால் முக்கோணம், அசையாது. மின்கோபுரத்திலும் பாலத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்ற கேள்வி அடுத்து வரும், அல்லது அந்தச் சதுரத்தை நெளித்து நெளித்து விளையாடுவதோடு அன்றைய பொழுது போகும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’ இதழின் பழைய தொகுப்புகள் கிடைத்தாலும் விடாதீர்கள்.

மொழிப் பாடத்துக்குக் கி. ராஜநாராயணன் நல்ல வழிகாட்டி. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத அந்தக் கரிசல்காட்டு விவசாயி, பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்தார். தன் வட்டாரத்துச் சொற்களுக்கு அகராதியும் உண்டாக்கினார். எட்டு வயதுக் குழந்தை ஒரு நோட்டுடன் பாட்டியிடம் உட்கார்ந்து, பாட்டி சொல்லி அம்மா சொல்லாத சொற்களைப் பிடித்து அகரவரிசையில் எழுதத் தொடங்கினால், எழுத்து, அகரவரிசை, நேர்காணல், உறவு எல்லாம் ஒரே வேலையில் வந்துவிடும். பாட்டிக்கும் அந்த நேரத்தில் வேலை கிடைத்துவிடும் என்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தமிழ் வாசகருக்கு ஒரு நெருடல் வந்திருக்க வேண்டும். வீட்டு வேலையிலேயே கல்வி இருக்கிறது என்ற வாதத்தை நாம் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறோம். 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திருத்தத் திட்டத்தின்படி பள்ளி நாளொன்றுக்கு 3 மணி நேரமாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். அதைப் பெரியாரும் திமுகவும் காங்கிரசுக்குள் இருந்த பலரும் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அதே காமராஜர் காலத்தில் பள்ளிகள் பெருகின, மதிய உணவு வந்தது. வெவ்வேறு சாதிக் குழந்தைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் இடம் பல ஊர்களில் பள்ளிக்கூடம்தான். அந்த வாசலுக்குள் நுழையப் போராடிய குடும்பங்களிடம் போய், பள்ளி குழந்தையின் படைப்புணர்வைக் கொல்கிறது என்று சொல்லும்போது நம் குரல் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். குயவர் பிள்ளை குயவேலை கற்பதும், மென்பொருள் பொறியாளரின் பிள்ளை சனிக்கிழமை களிமண் பானை செய்து பார்ப்பதும் ஒன்றல்ல. முதல் பிள்ளைக்கு வேறு வழி மூடப்பட்டிருந்தது. இரண்டாவது பிள்ளை கையைக் கழுவிவிட்டு எழுந்து போகலாம்.

பெண் குழந்தைகள் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். அடுப்படிக் கணக்கும் கோலமும் மகளுக்கு மட்டும், தீக்குச்சி மாதிரிகள் மகனுக்கு மட்டும் என்று பிரிந்துவிட்டால் அதற்குக் கல்வி என்று பெயர் சூட்டுவதில் பொருளில்லை. பிரான்டே வீட்டிலேயே பெண்கள் பெரியம்மாவிடம் தையலுக்கு உட்கார வேண்டியிருந்தது. பிரான்வெலுக்கு அந்த வேலை இல்லை.

நவீன வீட்டுக் கல்வி இயக்கத்தின் வரலாறும் யார் குரல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத் தவிர்க்கவில்லை. அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஜான் ஹோல்ட், தன் வகுப்பறைக் குறிப்புகளிலிருந்து 1964-ல் ‘குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள்’ என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். பிள்ளைகள் பாடத்தைப் புரிந்துகொள்வதைவிட, ஆசிரியரின் முகத்தைப் படித்து விடையை ஊகிப்பதிலேயே புத்தியைச் செலவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. முதலில் பள்ளியைத் திருத்த முயன்று, பின் நம்பிக்கை இழந்து, 1977-ல் பள்ளி இல்லாமல் வளரும் குழந்தைகளுக்காக ஓர் இதழைத் தொடங்கினார். இன்று அன்ஸ்கூலிங் என்று வழங்கும் சொல் அவர் உண்டாக்கியது. இடதுசாரிச் சிந்தனையோடு தொடங்கிய அந்தப் பாதையில் 1980-களில் பழமைவாதக் கிறித்துவக் குடும்பங்கள் பெருந்திரளாக வந்துசேர்ந்தன. ஒரே வழக்கில் இரண்டு எதிரெதிர் தரப்பும் ஒரே பக்கம் வாதாடிய வேடிக்கை அது. 1999-ல் அமெரிக்காவில் சுமார் 8.5 லட்சம் பேர் வீட்டில் படித்தார்கள். 2012-ல் ஏறக்குறைய 17.7 லட்சம். பெருந்தொற்றின்போது, பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுக் கல்வியைத் தேர்ந்தவை 2020 வசந்தத்தில் 5.4 சதவீதமாக இருந்து அந்த இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதமானது. கறுப்பினக் குடும்பங்களில் 3.3-லிருந்து 16.1-க்குத் தாவியது. பள்ளியில் பாகுபாட்டைச் சந்திப்பவர்களும் வெளியேறும் வழியாக இதைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஹோல்ட் சொன்னபடி முழுக்கக் குழந்தையின் போக்கில் விட்டால் போதுமா? போதாது என்றே கிடைக்கும் சான்றுகள் காட்டுகின்றன. கனடாவில் சாண்ட்ரா மார்ட்டின்-சாங்கும் சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 5 முதல் 10 வயது வரையுள்ள, வீட்டில் படிக்கும் 37 பிள்ளைகளும் பள்ளியில் படிக்கும் 37 பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டில் ஓர் ஒழுங்கோடு படித்தவர்கள் வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் பள்ளிப் பிள்ளைகளைவிடத் தேறியிருந்தார்கள். எந்தத் திட்டமும் இல்லாமல் விடப்பட்ட 12 பேர் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, தாமாக முன்வந்த குடும்பங்கள். எனவே இதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பதும் கழித்தலில் கடன் வாங்குவதும் மீன் நீந்துவதுபோல் தானாக வருவதில்லை. அவற்றைச் சொல்லித்தர வேண்டும், பழக்க வேண்டும், அதில் கொஞ்சம் சலிப்பும் இருக்கும். அந்தச் சலிப்பை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட, ‘இது கொஞ்சம் போரடிக்கும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்’ என்று நேராகச் சொல்வது குழந்தைக்கு மரியாதை.

கால் மணி நேரம் என்ற யோசனை புதிதல்ல. 1886-ல் ‘வீட்டுக் கல்வி’ என்ற பொருளில் நூல் எழுதிய சார்லட் மேசன், சிறு பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, பிற்பகல் முழுக்க வெளியில் திரிய விட வேண்டும் என்றார். அவரது அமைப்பு 1891 முதல் தபால் வழியாகப் பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் அனுப்பி, வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்கு உதவியது. அவருடைய முக்கிய உத்தி, ஒரே ஒரு முறை நல்ல நூல் ஒன்றை வாசித்துக்காட்டி, கேட்டதைக் குழந்தை தன் சொற்களில் திரும்பச் சொல்வது. ஜேம்ஸ் மில்லும் மகனிடம் இதையேதான் செய்யவைத்தார். ஆனால் அங்கே ஒப்பிப்பது கணக்குக் காட்டுவதாக இருந்தது. மேசன் முறையில் குழந்தை எதை முதலில் சொல்கிறது, எதை விடுகிறது, எங்கே தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கிறது என்பதை இடைமறிக்காமல் கேட்க வேண்டும். தம்பி தங்கைக்குச் சொல்லச் சொன்னால் இன்னும் நன்றாக வரும். அவர்கள் நடுவில் எழுந்து போய்விட்டால் கதையை எப்படி இழுத்துப் பிடிப்பது என்பதையும் மூத்தது கற்றுக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் யார் செய்வது? பெரும்பாலான வீடுகளில் அம்மா. வேலையை விட்டவர், அல்லது விடவைக்கப்பட்டவர். சமையல், துணி, மாமியார் மருந்து, இவற்றோடு ஒரு பள்ளியையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு, அது உற்சாகமாகவும் படைப்பூக்கத்துடனும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. நாள் முழுவதும் புதுப்புது செயல்பாடுகள் தயாரிக்கும் வீட்டில் முதலில் களைப்பது அம்மாதான். அந்தக் களைப்பிலிருந்து வரும் எரிச்சல் எந்தக் கைவினையாலும் ஈடுகட்ட முடியாதது. காலையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒழுங்கான பாடம், பிறகு குழந்தையின் சொந்த வேலைக்குத் தொந்தரவில்லாத நேரம், வாரம் இரண்டு நாளாவது வேறு பிள்ளைகளோடு கூடும் இடம்: இவ்வளவு இருந்தால் பெரியவர் ஒருவர் தன் புத்தகத்தையும் கையில் எடுக்க முடியும். பெரியவர் படிப்பதைக் குழந்தை பார்ப்பதும் பாடம்தான். கூடும் இடத்துக்குப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி, நீச்சல் குளம், பறை வகுப்பு, சிலம்பம் எதுவும் சரி. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், பள்ளி முடிந்த மாலையில் பக்கத்துத் தெருத் தன்னார்வலர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பாட்டும் ஆட்டமுமாகப் பாடம் நடத்தினார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்த நேரம் வேண்டியிருக்கிறது என்பதை அது காட்டியது. வீட்டுக் கல்வியின் நல்ல பகுதியை அனுபவிக்கப் பள்ளியை விட்டு வெளியேறியாக வேண்டும் என்பதில்லை.

வெளியேறுகிறவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பள்ளிக் கல்வியை உரிமையாக்கியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு கூறுகிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லும் அதில் இல்லை. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும். அங்கிருந்து போன வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006-ல் ஏற்கவில்லை. இந்தியக் குடும்பங்களோ நம் சட்டத்தின் மௌனத்துக்குள்தான் காலம் தள்ளுகின்றன.

14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பாடங்கள் 5. பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் 9 தேர்வு வாய்ப்புகள் கிடைக்கும். ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தயாரான பாடத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றதைத் தள்ளிவைக்கலாம். கணக்கு, அறிவியலோடு ஓவியம், மனையியல், உளவியல், கர்நாடக இசை ஆகியவையும் பட்டியலில் உண்டு. அந்தப் பட்டியலைப் பிள்ளையின் கையில் முதலில் கொடுத்து, அது குறித்த பிறகு பெற்றோர் பார்ப்பது நல்லது. அதன் பக்கத்திலேயே கல்லூரிச் சேர்க்கை விதிகளையும் வைத்துப் படிக்க வேண்டும். பொறியியல், மருத்துவம் என்ற எண்ணம் இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் எந்தப் பாடங்கள் கட்டாயம், செய்முறைத் தேர்வு எந்த மையத்தில் நடக்கும் என்பதை 14 வயதிலேயே விசாரித்து வைத்துவிடலாம்.